ஜாமீன் கிடைச்சா கேஸ் முடிஞ்சுதா?

"கொலை கேஸ்ல உள்ள போனவன் வெளிய வந்துட்டான்பா, பணம் வெளையாடிடுச்சு." விழுப்புரத்துல ஏறி கண்டமங்கலம் வழியா பாண்டிச்சேரி போற பஸ்ஸுல இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க. உண்மையில ஜாமீன்னா விடுதலை இல்லை. "விசாரணை முடியுற வரைக்கும் வெளியில இரு, கூப்பிடும்போது கோர்ட்டுக்கு வா" என்பதுதான் அதன் அர்த்தம்.

கொலை வழக்கில் மாஜிஸ்திரேட் பொதுவாக ஜாமீன் தர மாட்டார். செஷன்ஸ் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோதான் போகணும். 2024 ஜூலை 1 முதல் அந்த அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 483-வது பிரிவில் இருக்கிறது. பழைய சட்டத்தில் அது 439. இன்னொரு வழியும் உண்டு. போலீஸ் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யலைன்னா, கொலை வழக்கா இருந்தாலும் ஜாமீன் கேட்பது உரிமை ஆகிவிடும்.

நம்ம பக்கத்திலேயே முடிஞ்ச ஒரு வழக்கைப் பாருங்க. 2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். நவம்பர் 11 அன்று காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைதானார். சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் தர மறுத்தது. 2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்தது.

ஏன் கொடுத்தாங்க? குற்றம் எவ்வளவு பெரியது, சாட்சியம் எவ்வளவு வலுவானது, ஆள் ஓடிப்போவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா, பொதுநலன் என்ன என்று எல்லாத்தையும் சேர்த்துத்தான் எடை போடணும் என்றது கோர்ட். அவருக்கு எதிராக முக்கியமாகக் காட்டப்பட்டது குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்கள் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். அதை மட்டும் வைத்து ஒருவரை உள்ளே வைக்க முடியாது என்பதுதான் சாரம்.

பிறகு, தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது என்ற அவருடைய மனுவை ஏற்று, 2005 அக்டோபரில் வழக்கு புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. 2013 நவம்பர் 27 அன்று அவரும் மற்றவர்களும் விடுவிக்கப்பட்டார்கள். ஜாமீன் இல்லைன்னா, குற்றம் நிரூபிக்கப்படாத ஒருத்தர் 9 வருஷம் ஜெயிலில் இருந்திருப்பார்.

ஆனா இதே வழக்கில் விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சி ஆனார்கள். செத்தவர் குடும்பத்தின் பக்கம் நின்னு இந்த எண்ணைப் பாருங்க, வலிக்கும். அதனால்தான் ஜாமீனோடு நிபந்தனை வருது. சாட்சியை மிரட்டினா ஜாமீனை ரத்து செய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. ஆனா சாட்சியைக் காப்பாற்ற எல்லாரையும் உள்ளே பூட்டி வைப்பது வழி இல்லை. சாட்சிக்கு நேரடியாகப் பாதுகாப்பு கொடுக்கணும். அதற்கான திட்டத்துக்கு 2018-ல் உச்ச நீதிமன்றமே ஒப்புதல் கொடுத்தது.

எல்லாராலும் டெல்லி வரைக்கும் வக்கீல் வைக்க முடியாது, சரிதான். ஆனா காவலில் இருக்கிற யாருக்கும், வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமல், இலவச வக்கீல் கிடைக்கணும். 1987 சட்டம் அப்படித்தான் சொல்லுது. விழுப்புரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-க்கு போன் செய்தாலும் போதும். உங்க தெருவில் யாருக்காவது தேவைப்படலாம், நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க.