ஜோன்ஸா, பெரைராவா, சேத்தியா, அத்வானியா? பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி ஓயாத வழக்கு

மும்பை: பிராட்மனா, டெண்டுல்கரா என்ற சர்ச்சை இந்நகரின் மின்சார ரயில்களில் உரத்த குரலில் நடப்பது. அதைவிடத் தணிந்த குரலில், ஆனால் சற்றும் குறையாத பிடிவாதத்துடன், மற்றொரு சர்ச்சை மாட்டுங்கா, செம்பூர் வட்டார ஜிம்கானாக்களிலும் தெற்கு மும்பையின் பழைய கிளப்களிலும் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. பச்சைத் துணி விரித்த மேசையில் கோல் பிடித்தவர்களில் இந்தியா கண்ட தலைசிறந்த வீரர் யார் என்பதே அது.

பெயர்கள் நான்குதான். வில்சன் ஜோன்ஸ், மைக்கேல் பெரைரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி. முதல் இருவரும் மும்பைக்காரர்கள். சேத்தி ஆமதாபாதைச் சேர்ந்தவர். அத்வானி பெங்களூரில் வளர்ந்தவர். ஆகவே மும்பை ரசிகர்களின் வாதத்தில் ஊர்ப்பாசமும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்வது நல்லது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வழக்கே எழ இடமில்லை. 2024 நவம்பரில் தோஹாவில் அத்வானி வென்றது அவருடைய 28-வது உலகப் பட்டம். பெரைரா வென்றவை மூன்று, ஜோன்ஸ் வென்றவை இரண்டு. ஆனால் பழைய ரசிகர்கள் இந்தக் கணக்கைக் கேட்டதும் புன்னகை செய்வார்கள். எந்த ஆட்டம், என்ன விதி, எதிரே நின்றவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லாமல் பட்டங்களைக் கூட்டிச் சொல்வது, ஒருநாள் போட்டி ஓட்டங்களையும் டெஸ்ட் போட்டி ஓட்டங்களையும் ஒன்றாகக் கூட்டுவதைப் போன்றது என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது.

கல்கத்தாவில் 1958

ஜோன்ஸ் கட்சியினரின் வாதம் எளிமையானது. சுதந்திரம் பெற்றுப் பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில், ஆங்கிலேயர்கள் தங்கள் கிளப் அறைகளுக்குள் வைத்திருந்த ஆட்டத்தில், 1958-ல் கல்கத்தாவில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் அவர் பட்டம் வென்றார். இங்கிலாந்தின் லெஸ்லி டிரிஃபீல்டு இரண்டாமிடம் பெற்றார். எந்த விளையாட்டிலும் தனிநபர் பிரிவில் உலகச் சாம்பியனான முதல் இந்தியர் ஜோன்ஸ்தான். 1964-ல் நியூசிலாந்தில் மீண்டும் வென்றார். தேசிய பில்லியர்ட்ஸ் பட்டத்தைப் 12 முறை கைப்பற்றினார். புணேயில் பிறந்து மும்பையில் 2003-ல் மறைந்த அவருடைய பெயரை, பிராபோர்ன் மைதானத்தை ஒட்டிய இந்திய கிரிக்கெட் கிளப்பின் பில்லியர்ட்ஸ் கூடம் தாங்கி நிற்கிறது. முன்னே நடந்தவர் காலடி பதித்த பிறகே பாதை என்று ஒன்று உண்டானது. அப்படியிருக்க, பின்னால் வந்தவர்கள் எத்தனை முறை நடந்தார்கள் என்று எண்ணுவானேன் என்கிறார்கள் இவர்கள்.

பெரைராவின் கணக்கு தலைநகர் தில்லி வரை சென்ற கணக்கு. 1977-ல் உலக அமெச்சூர் பட்டத்தை வென்ற அவர், அடுத்த ஆண்டு தேசியப் போட்டியில் ஒரே தொடரில் 1149 புள்ளிகள் எடுத்தார். அமெச்சூர் வீரர் ஒருவர் ஆயிரத்தைக் கடந்தது அதுவே முதல் முறை. 1981-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்தபோது அதை ஏற்க மறுத்துவிட்டார். முந்தைய ஆண்டு சுனில் காவஸ்கருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டிருந்தது. உலகச் சாம்பியனுக்கு அதற்கும் ஒரு படி கீழான விருதா என்பது அவர் எழுப்பிய வினா. அதே 1981-ல் தில்லியில் உலகப் பட்டத்தை மீண்டும் வென்றார். 1983-ல் பத்மபூஷண் அவரைத் தேடி வந்தது. அந்த ஆண்டும் உலகப் பட்டம் அவருடையதே.

அந்த மறுப்பை ஆணவம் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் விருதுக் குழுவின் மேசையில் அவர் எழுப்பிய சிக்கல்தான் இன்று ரசிகர்கள் மேசையிலும் கிடக்கிறது. பத்துப் பேர் பார்க்கும் ஆட்டத்தின் உலகச் சாம்பியனையும், பத்துக் கோடிப் பேர் பார்க்கும் ஆட்டத்தின் பெரும் வீரரையும் எந்தத் தராசில் நிறுப்பது?

விதி மாறினால் கணக்கும் மாறும்

1149 என்ற எண்ணைக் கேட்டு வியப்பவர்கள், ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம் 1932-ல் லண்டனில் ஒரே தொடரில் 4137 புள்ளிகள் எடுத்தார் என்பதையும் அறிய வேண்டும். அவர் காலத்தில் பந்துகளை மேசை விளிம்பை ஒட்டி அருகருகே வைத்துக்கொண்டு, மெல்லத் தட்டியே புள்ளி சேர்க்கும் கலை உச்சத்தை எட்டியிருந்தது. பார்வையாளர்கள் சலித்துப் போனதால் விதிகள் திருத்தப்பட்டன. பிற்காலத்தில், பந்தை அடுத்தடுத்துக் குழியில் தள்ளுவதைக் கட்டுப்படுத்தும் விதியின் கீழ், 1992-ம் ஆண்டு தொழில்முறை உலகப் போட்டியில் கீத் சேத்தி எடுத்த 1276 புள்ளிகள் உலக சாதனையாகக் கொள்ளப்பட்டது. 4137 பெரிதா, 1276 பெரிதா என்று பள்ளிக் கணக்குப் போட்டால் விடை தவறாகத்தான் வரும்.

சேத்தி கட்சியினர் இந்த இடத்தில்தான் வலுவாகக் காலூன்றுகிறார்கள். அமெச்சூர் பட்டங்களோடு நின்றுவிடாமல், 1992 முதல் 2006 வரை தொழில்முறை உலகப் பட்டங்களைப் பலமுறை வென்றவர் அவர். அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை இங்கிலாந்தின் மைக் ரஸல் என்ற மாபெரும் ஆட்டக்காரரை இறுதியில் வீழ்த்திப் பெற்றவை. விசுவநாதன் ஆனந்துக்கு அடுத்தபடியாக ராஜீவ் கேல் ரத்னா விருதைப் பெற்றவரும் அவரே. அத்துடன், 1989-ல் குண்டூரில் நடந்த தேசிய ஸ்னூக்கர் போட்டியில் 147 புள்ளிகள் எடுத்தார்.

147 என்ற எண்ணுக்கு விளக்கம் தேவைப்படலாம். பில்லியர்ட்ஸ் மூன்றே பந்துகளைக் கொண்டது. ஒன்றில் பட்டு மற்றொன்றைத் தொடுவதற்கும், குழியில் விழுவதற்கும் புள்ளி. அதில் ஒருவர் மணிக்கணக்கில் மேசையைவிட்டு நகராமல் ஆடலாம். ஸ்னூக்கரில் 15 சிவப்புப் பந்துகளும் ஆறு வண்ணப் பந்துகளும் உண்டு. ஒவ்வொரு சிவப்புக்குப் பிறகும் ஏழு புள்ளி தரும் கறுப்பையே வீழ்த்தி, இறுதியில் வண்ணங்களையும் முடித்தால் 147. சாதாரணமாக அதற்கு மேல் ஒரு புள்ளியும் எடுக்க முடியாது. ஒன்று பொறுமையின் ஆட்டம். மற்றது துணிச்சலுக்கும் இடம் தருவது. மேசை ஒன்றே என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம்.

ஸ்னூக்கர் பிறந்ததும் நம் மண்ணில்தான். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி உருவாக்கிய ஆட்டத்துக்கு 1882-ல் உதகமண்டலம் கிளப்பில்தான் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன என்பது வரலாறு. ஆனால் அதன் தலைநகரம் இன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கும் இதே வழக்குதான். ஸ்டீபன் ஹென்றியும் ரோனி ஓசுலிவனும் ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர்கள்; ஜோ டேவிஸ் 1927 முதல் 1946 வரை 15 முறை வென்றவர். ஆயினும் டேவிஸை முதலிடத்தில் வைப்பவர்கள் அரிது. 1931-ல் அந்த உலகப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் மொத்தமே இருவர்தான்! எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஷெஃபீல்டு ஏன் முக்கியம்?

அத்வானியின் 28 பட்டங்களுக்கு எதிராக எழுப்பப்படும் ஆட்சேபமும் இங்கிருந்தே பிறக்கிறது. 28-ல் பில்லியர்ட்ஸ் உண்டு, ஸ்னூக்கர் உண்டு, ஆறு சிவப்புப் பந்துகளுடன் ஆடும் குறுகிய ஸ்னூக்கர் உண்டு, அணிப் பட்டங்களும் உண்டு. முழு ஸ்னூக்கரில் அவர் வென்ற மூன்று உலகப் பட்டங்களும் (2003, 2015, 2017) ஓசுலிவன் போன்றோர் ஆடாத அமெச்சூர் களத்தில் கிடைத்தவை. 2012-ல் தொழில்முறைச் சுற்றில் இணைந்த அவர், 2013 வெல்ஷ் ஓபனில் காலிறுதி வரை முன்னேறினார். எந்த இந்தியரும் தரவரிசைப் போட்டியில் அதுவரை அவ்வளவு தூரம் சென்றதில்லை. ஆனால் இரண்டு பருவங்களுக்குப் பின் 2014-ல் அச்சுற்றிலிருந்து விலகி, பில்லியர்ட்ஸையும் சேர்த்து ஆடத் தாயகம் திரும்பினார்.

2013 அக்டோபரில் தில்லியில் நடந்த இந்திய ஓபன் போட்டியை நேரில் கண்டவர்களுக்கு இந்த முடிவு இன்னும் உறுத்தும். காலிறுதியில் அத்வானியை வென்ற மும்பை வீரர் ஆதித்ய மேத்தா, இறுதிச் சுற்று வரை சென்றார். அங்கே சீனாவின் டிங் ஜுன்ஹுய் 5-0 என்று வென்றுவிட்டார் எனினும், தரவரிசைப் போட்டியொன்றின் இறுதியில் இந்தியர் ஆடியது அதுவே முதல் முறை. அத்வானி அக்களத்தில் நிலைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்காத ரசிகர் இல்லை.

இந்நிருபரின் கருத்தில், அத்வானிக்கு முதலிடம் தரலாம். ஆனால் 28 என்ற எண்ணுக்காக அல்ல. பில்லியர்ட்ஸில் 150 புள்ளிகளை முதலில் எட்டும் குறுகிய ஆட்டமும், நேரக் கணக்கில் நீளும் நெடிய ஆட்டமும் ஏறக்குறைய நூறு மீட்டர் ஓட்டமும் மாரத்தானும் போன்றவை. இரண்டிலும் ஒரே ஆண்டில் உலகப் பட்டத்தை 2005, 2008, 2014, 2018 என நான்கு முறை வென்றிருக்கிறார். 2009-ல் லீட்ஸ் நகரில் தொழில்முறை பில்லியர்ட்ஸ் இறுதியில் மைக் ரஸலையும் வீழ்த்தினார். ஷெஃபீல்டு ஆட்சேபம் ஸ்னூக்கருக்குப் பொருந்தும். பில்லியர்ட்ஸில் அவருக்கு மேலே ஏறிச் செல்ல வேறு படி இருக்கவில்லை.

அவருக்கு மறுக்கப்பட்டதும் ஒன்று உண்டு. 1998-ல் பாங்காக்கில் ஆசிய விளையாட்டில் சேர்க்கப்பட்ட இவ்வாட்டங்கள் 2010 குவாங்சௌவுக்குப் பின் நீக்கப்பட்டன. 2006, 2010 ஆகிய இரு முறையும் பில்லியர்ட்ஸ் தனிநபர் தங்கம் அத்வானிக்கே. நீக்கப்பட்டபோது அவருக்கு வயது 25. ஆசிய விளையாட்டுப் பட்டியலில் இல்லாத ஆட்டத்துக்குத் தில்லியில் நிதியும் கவனமும் கிடைப்பது எளிதல்ல. கடைசியில் அடிபடுவது புதிதாகக் கோல் பிடிக்க வரும் பிள்ளைகள்தான்.

அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மாட்டுங்காவின் ஜிம்கானாக்களிலிருந்து சிறிது தொலைவில்தான் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழர்கள் வாழும் அதன் சந்துகளில் கேரம் பலகை உண்டு. ஸ்னூக்கர் மேசை என்பது வேறு உலகம். மேசை மட்டுமே 12 அடிக்கு 6 அடி. கோலை நீட்டி ஆடுவதற்கு இடம் விட்டால் சுமார் 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். அதாவது 350 சதுர அடிக்குச் சற்று மேல். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வீட்டின் பரப்பும் 350 சதுர அடிதான்.

எனவே எளிய குடும்பத்துத் திறமை கேரமுக்குப் போகிறது. சென்னையின் மரிய இருதயம் இரு முறை கேரம் உலகச் சாம்பியனாகி, அர்ஜுனா விருதும் பெற்றார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். தலைசிறந்த நால்வர் யார் என்று கிளப் அறைகளில் கணக்கெடுக்கும்போது, மேசையை எட்டவே முடியாதவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இதற்கிடையே புதிய பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன. மும்பையின் இஷ்பிரீத் சிங் சத்தா, அத்வானி விலகிவந்த அதே தொழில்முறைச் சுற்றில் இணைந்து, 2024 இங்கிலீஷ் ஓபனில் அரையிறுதி வரை முன்னேறினார். 2025 நவம்பரில் தோஹாவில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்ற கணக்கில் வென்று மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டத்தைப் பெற்றார். பதினைந்து சிவப்புப் பந்து ஸ்னூக்கரில் தனிநபர் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்.