மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், தொந்தரவை மறைக்கவும் வேண்டாம்
(ரத்தப் புற்றுநோய் மருந்தால் வரும் வீக்கமும் ரத்தக்கசிவும்)



சில மாதங்களுக்கு முன்பு ஒரு கிராமத்துக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை என்று தெரிந்தது. சந்தாவை மட்டும் மகனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "அவளுக்கு மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சு மேடம், வெளியவே வர்றதில்ல" என்று ஊக்குநர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்கே போனோம்.

அவருக்கு ரத்தப் புற்றுநோய். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை ஒரு வருடமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். நோய் நன்றாகவே அடங்கியிருந்தது. ஆனால் காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் வீங்கியிருக்கும். "கிட்னி போயிடுச்சு போல" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. "அந்த மாத்திரைதான் உன்னைக் கெடுக்குது, நிறுத்து" என்று மாமியார். ஒருநாள் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததும் பயந்துபோய் மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டார். நிறுத்தி இருபது நாள் ஆகியிருந்தது. "குழுவுல யாருகிட்டயும் சொல்லலியாம்மா?" என்று கேட்டோம். "சீக்கு இருக்குன்னு தெரிஞ்சா அடுத்த கடன் குடுப்பாங்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம்.

இது என்ன நோய்? என்ன மாத்திரை?

ரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. நாம் இங்கே பேசுவது 'சி.எம்.எல்.' என்ற வகையைப் பற்றி. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் நம் ரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. இந்த நோயில் அங்கே வெள்ளையணுக்கள் கணக்கில்லாமல் பெருகிவிடும். இது ஒட்டுவாரொட்டி இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், பக்கத்தில் படுத்தாலும் வராது.

இதற்கு முக்கியமான மாத்திரை இமாட்டினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து, பிறகு உலகெங்கும் வந்தது. அதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்கள் பலர் சில வருடங்களில் இறந்துபோனார்கள். இன்று ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவர்கள் பல பத்து ஆண்டுகள் குடும்பம் நடத்துகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். ஒரு காலத்தில் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் விற்ற மருந்து இது. கம்பெனி கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதனால் நம் நாட்டுக் கம்பெனிகள் இதைக் குறைந்த விலையில் தொடர்ந்து தயாரிக்க முடிகிறது. இமாட்டினிப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், அது கேட்காதவர்களுக்கும் டசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற வேறு மாத்திரைகளும் உண்டு.

நோய் அடங்கி இருப்பது மாத்திரையால்தான். நடுநடுவே விட்டுவிட்டால் நோய் திரும்பத் தலைதூக்கும். சில சமயம் அதே மாத்திரைக்கு அப்புறம் கட்டுப்படாமலும் போய்விடும்.

வீக்கம் ஏன் வருது?

இந்த மாத்திரை நோய் அணுக்களை அடக்கும்போது உடம்பின் வேறு சில இடங்களிலும் கொஞ்சம் வேலை செய்கிறது. அதனால் சின்ன ரத்தக் குழாய்களில் இருந்து நீர் வெளியே கசிந்து தோலுக்கு அடியில் தங்கும். கண்ணைச் சுற்றித் தோல் மெலிசு. அதனால் அங்கேதான் முதலில் தெரியும். காலையில் அதிகமாகவும், நேரம் ஆக ஆகக் குறைவாகவும் இருக்கும். சிலருக்குக் கணுக்காலிலும் நீர் கோர்க்கும். கொலுசு அழுத்தித் தடம் பதியும், மெட்டி கழற்ற வராது. இமாட்டினிப் சாப்பிடும் பலருக்கும் இது வருவதுதான். இதை வைத்தே கிட்னி போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

1. உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், கடை மிக்சர் இவற்றில்தான் உப்பு மறைந்திருக்கிறது.

2. படுக்கும்போது தலைக்கு இன்னொரு தலையணை வைத்தால் காலையில் கண் வீக்கம் குறையும். கால் வீங்கினால், பகலில் உட்காரும்போது காலைத் தொங்கப் போடாமல் ஒரு மணை மேலோ ஸ்டூல் மேலோ நீட்டி வையுங்கள்.

3. சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கண் மேல் பத்து நிமிடம் வைக்கலாம்.

4. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். துணை சுகாதார நிலையத்தில் எடை பார்க்கலாம். ஒரு வாரத்தில் 2 கிலோவோ அதற்கு மேலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அடுத்த தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

5. இமாட்டினிப் மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றைப் புரட்டும். வீக்கம் வந்துவிட்டதே என்று நாமாகத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

'நீர் பிரியும் மாத்திரை' என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அது தேவையா, எவ்வளவு தேவை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டசாட்டினிப் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த மருந்தில் சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் சேரும். வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், மல்லாந்து படுக்க முடியாமை, மூச்சை இழுத்தால் நெஞ்சில் வலி இவைதான் அடையாளம். "சளி பிடிச்சிருக்கு" என்று கஷாயம் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரத்தக்கசிவு ஏன் வருது?

அடிபட்டால் ரத்தத்தை உறைய வைப்பவை தட்டணுக்கள். டாக்டர்கள் 'பிளேட்லெட்' என்பார்கள். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டும். மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களில் நோய் அணுக்கள் அழியும். நல்ல அணுக்கள் திரும்ப வளர நாள் ஆகும். அந்த இடைவெளியில் தட்டணு குறையலாம். டசாட்டினிப் மருந்தில் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தட்டணு சரியாக வேலை செய்யாமல் ரத்தம் கசியலாம்.

அதனால்தான் முதல் மாதம் வாரம் ஒருமுறையும், இரண்டாவது மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். "போன வாரம்தானே எடுத்தாங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

ஈறில் ரத்தம், அடி படாமலே கன்றிப்போன நீலத் தழும்பு, காலில் ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம் – இவை தட்டணு குறைவதைக் காட்டும். இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கோ மறுநாளோ ஆஸ்பத்திரியில் சொல்லி ரத்தம் பரிசோதியுங்கள். சிலருக்குக் கண்ணின் வெள்ளையில் திடீரென்று ரத்தச் சிவப்பு பரவும். பார்க்கப் பயமாக இருக்கும். வலி இல்லாமல் பார்வையும் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மறையும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

1. பல் விளக்க மிருதுவான பிரஷ். வேப்பங்குச்சி, செங்கல்பொடி வேண்டாம்.

2. மூக்கில் ரத்தம் வந்தால் உட்கார்ந்து, தலையை முன்பக்கம் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் கையை எடுக்காதீர்கள். வாயால் மூச்சு விடுங்கள். அண்ணாந்து பார்த்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

3. அரிவாள்மனை வெட்டினால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்துங்கள். காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம்.

4. காட்டு வேலைக்குச் செருப்பில்லாமல் போக வேண்டாம். தட்டணு குறைவாக இருக்கும் நாட்களில் கதிர் அறுப்பு, முள் வெட்டு வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள்.

5. பல் பிடுங்குவது, காது குத்துவது, பச்சை குத்துவது எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

மாதவிலக்கு பற்றி வெளிப்படையாக

இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். தட்டணு குறைந்தால் மாதவிலக்கில் போக்கு அதிகமாகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து நனைந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ, தலை சுற்றினாலோ உடனே போங்கள். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும் சொல்லுங்கள். எத்தனை துணி மாற்றினோம் என்று எண்ணி வைத்துக்கொண்டால் டாக்டருக்குப் புரியும். ஆண் டாக்டரிடம் சொல்ல முடியவில்லை என்றால் நர்ஸ் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, இந்த மாத்திரைகள் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும். மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போனால் உடனே சொல்ல வேண்டும். தாய்ப்பாலும் கொடுக்கக் கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசினால் அவர் வழி சொல்வார்.

108-ஐ உடனே கூப்பிட வேண்டியவை

• வாந்தியில் ரத்தம், மலத்தில் ரத்தம், அல்லது தார் போலக் கருப்பான மலம். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். சந்தேகமாக இருந்தால் போய்க் காட்டுவதே நல்லது.)
• திடீரென்று தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் விழுதல்
• பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம்
• மூச்சுத் திணறல், நெஞ்சு வலி

இவை தவிர, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் சிவப்பாகப் போனாலும் அன்றைக்கே காட்டுங்கள். வெள்ளையணு குறைந்திருக்கும்போது சாதாரணக் காய்ச்சலும் பெரிதாகிவிடும்.

நாமாகச் சாப்பிடக் கூடாதவை

உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் வேண்டாம். ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமாலும் கேட்டுத்தான். காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டலாம். "எனக்கு ரத்தப் புற்றுநோய் மாத்திரை ஓடுது" என்று முதலிலேயே சொல்லுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின் இவை இமாட்டினிபின் பலத்தைக் குறைத்துவிடும். டசாட்டினிப் சாப்பிடுபவர்கள் வயிற்றெரிச்சல் மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது. பப்பாளி இலைச்சாறு, கஷாயம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகுதான்.

டாக்டர் என்ன செய்வார்?

"சொன்னா திட்டுவாங்க" என்ற பயம் வேண்டாம். இந்தத் தொந்தரவுகள் அவர்கள் எதிர்பார்ப்பதுதான். இமாட்டினிப் சாப்பிடுபவருக்குத் தட்டணு 50,000-க்குக் கீழே போனால் வழக்கமாகக் கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்தி, 75,000-க்கு மேல் ஏறியதும் திரும்ப ஆரம்பிப்பார்கள். அளவைக் குறைக்கலாம், நீர் மாத்திரை தரலாம், ரத்த வங்கியில் இருந்து தட்டணு ஏற்றலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். அவர் நிறுத்தினால் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்துவார், எப்போது ஆரம்பிப்பது என்றும் சொல்வார். நாமாக நிறுத்தினால் உள்ளே நோய் வளர்வது யாருக்கும் தெரியாது. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடவும் கூடாது.

குழு என்ன செய்யலாம்?

நாங்கள் பார்த்த அந்த உறுப்பினரை மறுநாளே ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ரத்தம் பார்த்து, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். ஈறில் வந்த ரத்தத்துக்குக் காரணம் தட்டணு சற்றுக் குறைந்ததுதான். சொல்லியிருந்தால் அளவை மாற்றியிருப்போம் என்றார் டாக்டர். இருபது நாளில் ஏறியிருந்த வெள்ளையணு இறங்கச் சில வாரம் ஆனது. அவர் இப்போது கூட்டத்துக்கு வருகிறார். காலையில் கண் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது. "இருக்கட்டும், நான் இருக்கேனே" என்று சிரிக்கிறார்.

அந்தக் குழு தீர்மான நோட்டில் இரண்டு விஷயம் எழுதியது. ஒன்று, நோயைக் காரணம் காட்டி யாருக்கும் கடன் மறுப்பதில்லை. இரண்டு, ஆஸ்பத்திரி போக வரச் செலவுக்கு உள்கடன் அவசரமாகத் தரலாம். அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் குழுவும் இதைப் பேசிப் பார்க்கலாம்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் தன்னார்வலர்கள் நம் போன்ற குழுக்களில் இருந்து போனவர்கள்தான். உங்கள் ஊரில் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் கேட்க 104-க்கும் போன் செய்யலாம்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பேசுங்கள்:

1. நம் குழுவில் யாராவது தொடர்ந்து கூட்டத்துக்கு வராமல் இருக்கிறார்களா? வீட்டுக்குப் போய்ப் பார்த்தோமா?
2. நோயைச் சொன்னால் கடன் கிடைக்காது என்ற பயம் நம் குழுவில் இருக்கிறதா?
3. ராத்திரி நேரத்தில் ஒருவருக்கு ரத்தம் நிற்காமல் போனால் யார் கூடப் போவது?

மூன்றாவது கேள்விக்குப் பதிலாக இரண்டு பேர் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.