பங்கும் பங்காளியும் – 9: மாப்பிள்ளை சொன்னாருங்க

கோவை கணபதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த நண்பர் ஒருவர் பழைய லேத் வாங்கக் கிளம்பினால் சில சமயம் என்னையும் கூட்டிப்போவார். எனக்கு அது வேடிக்கை. மெஷினின் பெட் மேல் நகத்தை ஓட்டித் தேய்மானம் பார்ப்பார். சக்கில் ஒரு கம்பியை மாட்டி ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கியர் சத்தம் கேட்பார். விலை பேசுவதற்கு முன்னால், விற்கிறவரின் பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் கட்டாயம் ஒரு டீ. "இவரு எதுக்குங்க மெசினைத் தள்றாரு?" என்று அங்கே மெதுவாக விசாரிப்பார். ஆர்டர் இல்லாமல் விற்கிறாரா, மெஷின் சரியில்லையா, மகன் வெளிநாடு போய்விட்டானா என்பது தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்ததே இல்லை.

அதே மனிதர் 2000 ஜனவரியில் ஒரு சென்னை சாஃப்ட்வேர் கம்பெனியின் பங்குகளைப் போனிலேயே வாங்கினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. போனை வைத்ததும் கேட்டேன்.

"ஏனுங்க, இந்தக் கம்பெனி என்ன பண்ணுதுங்க?"

"சாஃப்ட்வேருங்ணா. மாப்ள சொன்னாருங்க. அவுரு போட்டு டபுள் ஆயிருச்சுங்க."

நான் சிரித்தேன். அடுத்த வாரம் நானும் அதில் ஐம்பது பங்கு வாங்கினேன். எனக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். லேத் நண்பர்தான் சொன்னார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அந்த ஐம்பது பங்கு இன்னும் என் டீமேட் கணக்கில் கிடக்கிறது.

சென்ற வாரம் மில் பங்குகளைப் பார்த்தோம். மூன்றாவது ஷிஃப்ட் ஓடுகிறதா என்பதைச் சங்குச் சத்தத்தில் தெரிந்துகொண்டு பங்கு வாங்கிய தலைமுறை அது. அவர்களின் பிள்ளைகளும் மருமகன்களும் பார்க்காத கம்பெனியில், புரியாத தொழிலில் ஏன் பணம் போட்டார்கள்? பேராசை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசை மில் காலத்திலும் இருந்தது.

கொங்கு நாட்டில் பணம் சொல்லை நம்பி ஓடுகிறது. ரெண்டு வட்டிக்கு ஒரு லட்சம் கைமாறும்போது ஒரு புரோநோட்டு எழுதுவார்கள். அந்தக் காகிதத்தைவிடப் பெரிய பத்திரம், நடுவால நிற்கிற ஆள். "நம்ம பையந்தானுங்க, குடுங்க" என்று சொன்னவர், பையன் கட்டாவிட்டால் அடுத்த நோம்பிக்குத் தலைகாட்ட முடியாது. பங்காளியும் மாமன் மச்சானும் சேர்ந்து கம்பெனி ஆரம்பிப்பது இந்த பலத்தில்தான். திருப்பூர் பனியன் தொழிலை ஆராய்ந்து ஷரத் சாரி எழுதி, 2004-ல் வெளிவந்த ஆங்கில நூலின் தலைப்பிலேயே சகோதரத்துவமும் மூலதனமும் சேர்ந்து நிற்கின்றன. தோட்டத்திலிருந்து வந்து மெஷினில் நின்றவர்கள் கூட்டுச் சேர்ந்து முதலாளியான கதை அது.

பங்கு வியாபாரத்துக்கும் இந்த வழக்கம் அப்படியே வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை சொன்னார், வாங்கினோம். வழியில் விட்டுப்போனது ஒன்றுதான்: ஜாமீன். கடனுக்குச் சொன்னவர் பொறுப்பு ஏற்றார். பங்குக்குச் சொன்னவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, ஏனென்றால் அவரும் யாரோ சொல்லித்தான் வாங்கியிருந்தார். அந்த யாரோ எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

திருச்சி ரோட்டில் சிங்காநல்லூரில் கோவைப் பங்குச்சந்தைக் கட்டடத்தைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1991-ல் வந்த சந்தை. கம்பெனியின் பதிவு அலுவலகம் எந்த வட்டாரமோ அந்த வட்டாரச் சந்தையில் பட்டியலிட வேண்டும் என்பது அன்றைய விதி. அதனால் உள்ளூர் மில்லும் உள்ளூர் பம்ப்செட் கம்பெனியும் உள்ளூரிலேயே விலை பேசப்பட்டன. 1994-ல் தேசியப் பங்குச்சந்தையின் கம்ப்யூட்டர் திரை வந்ததும் நிலைமை மாறியது. ஹைதராபாத் கம்பெனியின் விலையும் மும்பைக் கம்பெனியின் விலையும் நொடியில் ஆர்.எஸ்.புரத்துக்கு வந்து சேர்ந்தன. விலைதான் வந்தது, அந்தக் கம்பெனிக்குப் பக்கத்து டீக்கடை வரவில்லை. வட்டாரச் சந்தைகள் ஒவ்வொன்றாக வியாபாரம் இழந்தன. கோவைச் சந்தை வெளியேற 2013-ல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி உத்தரவு கொடுத்தது.

சாஃப்ட்வேருக்கு முன்பே ஒரு சூடு பட்டிருந்தது. 1992-ல் மத்திய அரசு மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டை நீக்கியது. என்ன விலைக்குப் பங்கு விற்பது என்பதைக் கம்பெனியே முடிவு செய்யலாம் என்று ஆனது. 1994-95 என்ற ஒரே நிதியாண்டில் 1,300-க்கு மேற்பட்ட பொது வெளியீடுகள். ஏற்றுமதிக்கு ரோஜா, இறால் பண்ணை, கிரானைட், காளான், திசு வளர்ப்பு. கடைசியாகச் சொன்னதுதான் அன்றைய பயோடெக். கோவைக்காரர்களை அது சுலபமாகப் பிடித்துக்கொண்டது. வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் இல்லையா? கண்ணாடிக் குடுவையில் வாழைக் கன்று வளரும் என்பது இங்கே யாருக்கும் மாயமில்லை. தொழில்நுட்பம் உண்மை என்பது தெரிந்துவிட்டதால், அதைச் சொல்லிப் பங்கு விற்ற கம்பெனியும் உண்மை என்று நம்பிவிட்டார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு முகவரியே இல்லாமல் போன கம்பெனிகள் என்று மத்திய அரசு பிறகு ஒரு பட்டியல் போட்டது. இருநூறுக்கு மேல் பெயர்கள்.

ஐந்தே வருடத்தில் சூடு ஆறிவிட்டது. 1999 மார்ச்சில் இன்ஃபோசிஸ் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலானது. அதற்குப் பிறகு சாஃப்ட்வேர் என்ற சொல்லே ஒரு மந்திரம். பெயர்ப் பலகையில் இன்ஃபோடெக் என்று சேர்த்து எழுதிய கம்பெனிகளின் பங்குகள் ஏறின. புதுப் பெயர் சொல்லும் தொழிலிலிருந்து வருமானத்தில் பாதியாவது வந்திருந்தால்தான் பெயரை மாற்றலாம் என்று இன்று ஒரு விதி இருக்கிறது. அந்தக் கூத்தின் மிச்சம் அது.

மும்பையில் கேத்தன் பரேக் என்ற தரகர் தூக்கிப் பிடித்த பங்குகளை கே-10 என்பார்கள். அந்தப் பட்டியலில் சென்னையிலிருந்து இயங்கிய கம்பெனிகளும் இருந்தன. பென்டாஃபோர், பிறகு பென்டாமீடியா கிராஃபிக்ஸ், அவற்றில் ஒன்று. மனிதர்களின் அசைவைப் பதிவு செய்து முழுநீள அனிமேஷன் படமாக 'சிந்துபாத்'தை 2000-ல் எடுத்த கம்பெனி. உண்மையான தொழில், உண்மையான ஆட்கள், நம்ம ஊர்ப் பெருமை. ஆனால் பங்கின் விலைக்கும் படத்தின் வசூலுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருந்தது.

இன்னொன்று டிஎஸ்க்யூ சாஃப்ட்வேர். அதே குழுமத்துக்கு டிஎஸ்க்யூ பயோடெக் என்றும் ஒரு கம்பெனி உண்டு. இந்த சாஃப்ட்வேர் கதையில்தான் லேத் நண்பரின் டீக்கடைக் கேள்விக்கு விடை கிடைக்கிறது. யார் விற்றது? சந்தையில் பட்டியலிடாத 1.30 கோடிப் பங்குகளை உருவாக்கிச் சந்தையிலேயே விற்றிருந்தார்கள் என்று செபி கண்டறிந்தது. அதன் தலைவர் தினேஷ் டால்மியாவுக்கு 2004-ல் செபி 10 ஆண்டு தடை விதித்தது. 2006 பிப்ரவரியில் சிபிஐ அவரைக் கைது செய்தது. கணபதியிலிருந்து போன பணம், கம்பெனியை நன்றாகத் தெரிந்தவர்கள் விற்ற பங்குக்கும் போயிருக்கலாம். டீக்கடை இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கையில் இருக்கும் பணத்துக்கு மட்டும் வாங்கியவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். மும்பைச் சந்தையில் அப்போது பட்லா என்ற முறை இருந்தது. இந்த வாரம் கட்ட வேண்டிய பணத்தை, ஒரு கட்டணம் செலுத்தி அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம். நம்மூர்க் கணக்கில், வட்டி கட்டி வாய்தா வாங்குவது. வட்டி தெரிந்த ஊருக்கு அது உடனே புரிந்தது. இதுவும் கடன்தான் என்பது மட்டும் புரியவில்லை. 2000 பிப்ரவரி 14 அன்று சென்செக்ஸ் 6,150-ஐத் தொட்டது. அதுதான் உச்சி. மார்ச் 10-ல் நாஸ்டாக் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியது. மார்ச் 14 அன்று கிளின்டனும் டோனி பிளேரும், மனித மரபணுத் தகவல் எல்லா விஞ்ஞானிகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு கூட்டறிக்கை விட்டார்கள். மரபணுவுக்கு உரிமை கொண்டாடும் கனவில் ஏறியிருந்த அமெரிக்க பயோடெக் பங்குகள் அன்றைக்கே சரிந்தன. செலெரா என்ற கம்பெனி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. இரண்டு தலைவர்கள், ஒரு அறிக்கை. அந்தத் தொழிலின் விலை எதன் மேல் நின்றுகொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 2001 மார்ச்சில் கேத்தன் பரேக் கைதானார். ஜூலையில் பட்லாவும் போனது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. பயோடெக் உண்மையிலேயே கொங்குக் காட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். 2002-ல் பிடி பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. ஆத்தூரின் ராசி சீட்ஸ் அந்த விதையில் நாட்டின் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. அது சந்தையில் பட்டியலிடாத தனியார் கம்பெனி. நம் கண்ணெதிரே, நம் பருத்திக்காட்டில் ஓடிய பயோடெக்கில் ஒரு பங்குகூட நம்மால் வாங்க முடியாது. பயோடெக் என்று சொல்லி நமக்கு விற்றதெல்லாம் வேறு. நியாயமாகச் சொன்னால் விதிவிலக்கும் உண்டு: 1978-ல் தொடங்கி, லாபம் காட்டிவிட்டு, 2004-ல் 315 ரூபாய்க்குப் பங்கு விற்ற பெங்களூரின் பயோகான். அதுவரை 26 வருடம் தொழில் செய்திருந்தது.

சூடு இத்தோடு ஆறியதா? 2020 நவம்பருக்கு வாருங்கள். சென்னையின் ஆர்க்கிட் ஃபார்மா, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செய்யும் கம்பெனி, கடனில் மூழ்கித் திவால் தீர்ப்பாயம் வரை போனது. தனுகா லேபரட்டரீஸ் அதை வாங்கியது. பழைய பங்குதாரர்களின் பங்குகள் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்டன. புதிய உரிமையாளரிடம் 98 சதவீதத்துக்கு மேல். 18 ரூபாயில் மறுபடி பட்டியலானது. ஒரு நாளைக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்போடு, விற்பதற்கு ஆளே இல்லாத பங்கு ஏறத் தொடங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு 5 சதவீதம் என்றால் 18 ரூபாய் 2,000-ஐத் தாண்ட 97 வர்த்தக நாள் போதும். 2021 கோடைக்குள் தாண்டியது. கம்பெனியில் புதிதாக ஒரு மாத்திரை கண்டுபிடித்தார்களா என்றால், இல்லை. வெளியே இருந்த பங்கு கைப்பிடி அளவு, கேட்டவர்கள் ஊர் அளவு. இப்படி மறுபடி பட்டியலாகும் கம்பெனிகளில் குறைந்தது 5 சதவீதமாவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் செபி முடிவெடுத்தது. ஆர்க்கிட் பங்கு 2022-ல் சில நூறு ரூபாய்க்கு இறங்கியிருந்தது. கம்பெனியை நான் குறை சொல்லவில்லை. மேலே ஏறி வாங்கியவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

இப்போது மாப்பிள்ளையின் இடத்தில் டெலிகிராம் சேனல். பொள்ளாச்சிப் பையனுக்கும் பல்லடம் பையனுக்கும் ஒரே குரல் ஒரே நொடியில் சொல்கிறது. 2022-ல் சாதனா பிராட்காஸ்ட் என்ற சின்னக் கம்பெனியைப் பற்றி யூட்யூபில் பொய்த் தகவல் பரப்பி விலையை ஏற்றி, ஏறியதும் விற்றுவிட்டார்கள் என்று சொல்லி 2023 மார்ச்சில் செபி முப்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தடை போட்டது. சொன்னவர்களே விற்றவர்கள். நம் மாப்பிள்ளை அந்த அளவுக்குப் போகவில்லை. அவரும் நம்மோடு சேர்ந்தே நஷ்டப்பட்டார். இப்போது பையன்கள் பங்கையும் விட்டுவிட்டு ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் கீழே என்று காட்டியவர்கள்.

லேத் நண்பரைப் போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மகன் சிஎன்சி மெஷின் போட்டிருக்கிறார். "அந்த சாஃப்ட்வேர் வெச்சிருக்கறீங்களாங்ணா?" என்று கேட்டார். வைத்திருக்கிறேன் என்றேன். "நானுந்தானுங்க. விக்கறதுக்குப் போனா வாங்க ஆளில்லீங்க." பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இது பற்றி இருபத்தைந்து வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். கடனாக இருந்தால் கேட்டிருப்பார்.

கடைசியாக, இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து பழைய பங்குப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு. அப்பா பெட்டியில் வைத்துவிட்டுப் போன காகிதங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2019 ஏப்ரல் 1-லிருந்து காகிதமாக வைத்துக்கொண்டு பங்கை வேறு பெயருக்கு விற்று மாற்ற முடியாது. முதலில் டீமேட்டுக்கு மாற்ற வேண்டும். ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பங்கு மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போயிருக்கும். உரியவர் ஆவணங்களோடு கேட்டால் திரும்பக் கிடைக்கும். கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகவே பார்க்கலாம். "நான் மாத்தித் தர்றேனுங்க, அட்வான்ஸ் குடுங்க" என்று யாராவது வந்தால், அவருக்கு ஜாமீன் யார் என்று கேளுங்கள்.

அடுத்த வாரம் பெருந்துறைக்குப் போவோம். ஈமு கோழி.

(தொடரும்)