பதினான்கு வளைவுகளும் ஒரு மின்சாரக் காரும்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது சிறிது பெருமை வந்துவிடும். காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடி, 1902ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் முதன்முதலாக நம் ஊர்ச் சுரங்கத்துக்குத்தான் வந்தது. பெங்களூர் நகரத்து வீதிகளுக்கு 1905இல்தான் மின்விளக்கு கிடைத்தது. பெருமையோடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரம் வந்தது சுரங்கத்துக்கு. எங்கள் லைன் வீட்டுக்கு அல்ல. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தது மண்ணெண்ணெய் விளக்கில்.

என் தந்தையார் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கூண்டை, மேலே இருந்த பெரிய எஞ்சின் அறையில் உட்கார்ந்து இயக்குவது அவர் வேலை. இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ராபர்ட்சன்பேட்டையில் தனியாக இருக்கிறார், பெங்களூருக்கு வர மறுக்கிறார். வாரம் ஒருமுறை நான்தான் போய்வருகிறேன். பழைய பெட்ரோல் காரை மாற்றி மின்சாரக் கார் வாங்கலாமா என்ற கேள்வி ஓராண்டாக வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது, மலைப் பாதையில் இழுக்குமா, அவசரத்துக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வர முடியுமா என்று நாளுக்கு ஒரு சந்தேகம்.

இந்தச் சமயத்தில் என் மைத்துனர் மகனின் நண்பர் ஒருவர், பெங்களூரில் சொந்தத் தொழில் செய்பவர், எம்.ஜி. சைபர்ஸ்டர் என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். இரண்டே பேர் உட்காரும் வண்டி. 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது விலை ஏறத்தாழ 75 லட்சம். என் சந்தேகங்களைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “அங்கிள், நீங்களே ஓட்டிப் பாருங்கள்” என்றார். ஏலகிரிக்குப் போவதென்று முடிவாயிற்று. தங்கவயலிலிருந்து குப்பம், நாட்றம்பள்ளி வழியாகப் பொன்னேரி, அங்கிருந்து மலை. மூன்று மாநிலத்தைத் தொட்டாலும் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் பயணம். அப்பாவையும் அழைத்துக்கொண்டோம். மைத்துனர் மகன் தன் சிறிய பெட்ரோல் காரில் அவரை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான்.

மின்சாரக் கார் என்றால் ஏதோ நேற்று பிறந்தது என்று நினைக்கிறோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தை உலகில் முதன்முதலாகத் தாண்டிய காரே மின்சாரக் கார்தான். 1899 ஏப்ரலில், பாரிஸ் நகருக்கு அருகில், கமீ ஜெனாட்ஸி என்ற பெல்ஜிய நாட்டுக்காரர் அதை ஓட்டினார். அதன் பிறகு பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது, பேட்டரி கனமாகவே இருந்தது, மின்சாரக் கார் ஒதுங்கிப்போனது. நம் பக்கத்தில் அது திரும்பி வந்தது பெங்களூரின் ரேவா காரில். 1994இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2001இல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லண்டன் தெருக்களிலும் ஜி-விஸ் என்ற பெயரில் அது ஓடியது. 2010இல் மகிந்திரா நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. அதே 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதிதான் நம் சுரங்கத்தை மூடினார்கள். பெங்களூரில் மின்சாரக் கார் புறப்பட்ட வருடம், தங்கவயலில் மின்சாரக் கூண்டு நின்றுபோன வருடம்.

இனி வண்டிக்கு வருவோம். அதன் கதவுகள் பக்கவாட்டில் திறப்பதில்லை. பறவை இறக்கை விரிப்பதுபோல மேல்நோக்கி எழுகின்றன. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டீக்கடை முன்னால் அதைத் திறந்ததும் கூட்டம் கூடிவிட்டது. இருக்கை தரையை ஒட்டி இருப்பதால் உட்காருவதும் எழுவதும் என் முழங்காலுக்குப் பெரிய சோதனை.

ஓட்டத் தொடங்கியதும் முதலில் புரிவது, இதில் கியர் மாற்றும் வேலை இல்லை என்பது. பெட்ரோல் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை எட்டிய பிறகே முழு இழுவிசையைத் தரும். அதனால்தான் வளைவில் வேகம் குறையும்போதெல்லாம் கியரைக் குறைத்து எஞ்சினை மறுபடி உறுமவைக்கிறோம். மின்மோட்டார் அப்படியல்ல. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையும் அதற்குண்டு. சைபர்ஸ்டரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மோட்டார். சேர்த்து 510 குதிரைசக்தி. 3.2 விநாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டும் என்கிறார்கள். அதை நான் சோதிக்கவில்லை, சோதிக்கும் வயதும் இல்லை. ஆயினும் கொண்டைஊசி வளைவில் ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிட்டு மீண்டும் ஏறும்போது, காலை இலேசாக வைத்ததுமே முதுகில் யாரோ கைகொடுத்துத் தள்ளுவதுபோல் வண்டி எழுந்தது. வளைவுகள் நிறைந்த சாலையில் மின்சார வண்டிக்குள்ள முதல் வசதி இதுதான்.

ஏலகிரிக்கு 14 கொண்டைஊசி வளைவுகள். நம் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப்போய் அந்தப் பலகைகளைப் படிக்கச் சொல்லலாம், வாந்தி எடுக்காமல் இருந்தால்.

வளைவில் இந்த வண்டி சாயவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். காரணம் பேட்டரி. வண்டியின் எடை ஏறத்தாழ 2 டன். அதில் பெரும் பாரமான பேட்டரி முழுவதையும் தரைத்தளத்தில் பரப்பியிருக்கிறார்கள். அடி கனத்த தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி, எடை கீழே இருப்பதால் சாய்வு குறைகிறது. ஆனால் எடை எடைதான். ஈரச் சாலையில் வேகமாக வளைத்தால் இரண்டு டன்னையும் பிடித்து நிறுத்த வேண்டியது நான்கு டயர்களே. சாயவில்லையே என்ற தைரியத்தில் வேகம் கூட்டுவது ஆபத்து. இன்னொன்று, சத்தம் இல்லை. எதிரே வருபவருக்கு நாம் வருவது காதில் விழாது. ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்துத்தான் திரும்பினேன்.

இப்போது கணக்கு. நாம் வீட்டில் யூனிட் என்கிறோமே, அந்த ஒரு யூனிட் மின்சாரம், நஷ்டம் எதுவும் இல்லையென்றால், ஒரு டன் எடையை ஏறத்தாழ 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கிருந்து ஒரு டன் கல்லைத் தரைக்குக் கொண்டுவர எட்டு யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஏலகிரி ஏற்றம் 600 மீட்டருக்குச் சற்று அதிகம். எங்கள் இருவரையும் சேர்த்து வண்டியைத் தூக்க மூன்றரை யூனிட் போதும். டயர் உரசல், காற்றுத் தடை, மோட்டார் நஷ்டம் எல்லாம் சேர்ந்து மேலே போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் 8 சதவீதம் குறைந்திருந்தது. பேட்டரியின் கொள்ளளவு 77 யூனிட். ஆக ஆறு யூனிட்டுக்குச் சற்று அதிகம். மலை ஏறினால் சார்ஜ் கொட்டிவிடும் என்று பயந்திருந்த எனக்கு இது பெரிய நிம்மதி.

உண்மையில் சார்ஜைத் தின்பது மலை அல்ல, நெடுஞ்சாலை வேகம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 80 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல 120இல் இரண்டேகால் மடங்கு. 2024 கடைசியில் திறந்த சென்னை விரைவுச்சாலையில், மாலூர் பக்கம் இளைஞர் கொஞ்சம் பறந்தார்; அந்த அரைமணி நேரத்தில் குறைந்த சார்ஜ் மலை முழுவதும் ஏறியதைவிட அதிகம்.

மலைக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிந்து பெட்ரோல் எஞ்சின் திணறும். எரிக்கப் பிராணவாயு குறைவு. மோட்டாருக்கு மூச்சே தேவையில்லை. அமெரிக்காவில் பைக்ஸ் பீக் என்ற மலையில் 156 வளைவுகள் கொண்ட, ஏறத்தாழ 20 கி.மீ. நீளப் பந்தயம் ஒன்று நடக்கிறது. அதன் உச்சி 4,300 மீட்டர். 2018இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஒன்று, ரொமெய்ன் டூமா ஓட்ட, 8 நிமிடத்துக்குள் ஏறி அதுவரை இருந்த எல்லாச் சாதனைகளையும் முறியடித்தது. ஏலகிரி உயரத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

மேலே ஏரிக்கரையில் சாப்பிட்டோம். அப்பா அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு இளைஞரைப் பார்த்துக் கேட்டார்:

“கரண்டு போச்சின்னா பிரேக்கு இன்னா ஆவும் தம்பி?”

அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். கூண்டில் நிற்கும் அத்தனை பேரின் உயிரும் அவர் கையில் இருந்த பிரேக்கில் தொங்கியது. வைண்டிங் எஞ்சினில் பிரேக்கைத் தளர்த்தத்தான் சக்தி வேண்டும். சக்தி நின்றால் எடைகள் தாமாக இறங்கி பிரேக்கை அழுத்திக்கொள்ளும். கரண்டு போனால் கூண்டு நிற்கும், விழாது.

இளைஞர் பொறுமையாகச் சொன்னார். “கார்ல ரெண்டு விதம் தாத்தா. காலை எடுத்தா மோட்டாரே ஜெனரேட்டரா மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், அது கரண்டுல வேலை செய்யறது. மிதிக்கிற பிரேக் தனி. அது எல்லா காரையும் போல எண்ணெய் அழுத்தத்துல. கரண்டு இல்லேன்னா மிதி கெட்டியாயிடும், பலமா மிதிக்கணும். ஆனா பிடிக்கும்.”

அப்பா தலையை ஆட்டிவிட்டு, “அப்ப நான் இதுல வரேன்” என்றார். நானும் இளைஞருமாக அவரை உள்ளே இறக்கி உட்கார வைக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. சுரங்கத் தூசி தின்ற நுரையீரல், கொஞ்சம் அசைந்தாலும் மூச்சு வாங்கும். இறக்கத்தில் இளைஞர் ஓட்ட, நான் பின்னால் பெட்ரோல் காரில் தொடர்ந்தேன். இரண்டாவது கியரிலேயே இறங்கியும் அடிக்கடி பிரேக் போட்டதில், கடைசி வளைவுகளில் எங்கள் காரிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

இங்கே வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மலை உச்சியில் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாதல்லவா? மோட்டார் உண்டாக்கும் மின்சாரத்தைப் பேட்டரி ஏற்காது. அப்போது வேகம் தடுக்கும் வேலை முழுவதும் கால் பிரேக்கின் தலையில் விழும். கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது.

நான் வாங்கப்போவது இந்த 75 லட்சம் அல்ல, சாதாரணச் சிறிய மின்சாரக் கார்தான். நெடுஞ்சாலையில் அவை 100 கிலோமீட்டருக்குப் பதினான்கு, பதினைந்து யூனிட் தின்னும் என்று வைத்துக்கொண்டால், பெங்களூர் - தங்கவயல் போய்வர 30 யூனிட் வரை ஆகும். இருபது சொச்சம் யூனிட் பேட்டரிக்கு இது எட்டாது. நாற்பதுக்குப் பக்கத்தில் இருந்தால் அப்பா வீட்டில் சார்ஜ் செய்யாமலே திரும்பலாம். செய்வதென்றாலும் 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுவதும் போட்டால் இருபது யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். ஆனால் எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் வயரிங் எப்படிப்பட்டது என்று தெரியுமே. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும்.

பொன்னேரியில் நிறுத்தி, அப்பாவை வெளியே எடுத்தோம். முகத்தில் சிறு பிள்ளையின் களிப்பு.

“எறங்கி முடியறவரைக்கும் ரெண்டே தரம்தான் பிரேக்கை மிதிச்சான்பா” என்றார் என்னிடம். பிறகு இளைஞரைப் பார்த்து, “எவ்ளோ திரும்பி வந்துச்சி?”

“ரெண்டு பர்சன்ட் தாத்தா.”

“ஏறும்போது எட்டு போச்சே?”

ஏறும்போதும் இறங்கும்போதும் டயரும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன, மிஞ்சியதும் மோட்டார் வழியாகப் பேட்டரிக்குப் போகையில் கொஞ்சம் வெப்பமாகிக் கரைகிறது என்று நான் விளக்கினேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. சின்னக் காரின் கதவைப் பிடித்து நின்றுகொண்டு மூச்சு வாங்கினார்.

“எங்களுக்கு ஒரே டிரம்முல ரெண்டு கூண்டு. கீழ போறது மேல வர்றத இழுக்கும். பேட்டரிக்குப் போயி வர்ற நஷ்டமே கெடையாது. அத இந்தத் தம்பிக்கிட்ட சொல்லுப்பா.”

குப்பம் வரும்வரை அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்.