ஸ்ரீவில்லிபுத்தூரில் வாசம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த க்ஷேத்திரமென்று பிரசித்தி பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரில், காலையில் காய்கறி வாங்க ரதவீதிக்குப் புறப்படும் கிருகஸ்தர் ஒருவர், "அண்ணாச்சி, மகளுக்கு வரன் அமைஞ்சிருச்சா?" என்பது போன்ற க்ஷேம விசாரணைகளுக்கெல்லாம் பதில் சொல்லி வீடு திரும்புவதற்குள் வெயில் ஏறிவிடும். இவ்விசாரணையில் அன்பும் உண்டு. அந்தரங்கமே இல்லாமற்போகும் சங்கடமும் உண்டு. யௌவனப் பிராயத்தினர், விசேஷமாகப் பெண்கள், இதனால் படும் மனக்கிலேசத்தை நான் அற்பமாகக் கருதவில்லை.

ஊரின் கீர்த்திக்குப் பால்கோவாவும் ஒரு காரணம். அகன்ற வாணலியில் பாலும் சர்க்கரையும் கொதிக்க, அடிபிடிக்காதபடி விடாமல் கிளறிக்கொண்டு அனலில் நிற்பவரின் நெற்றி வியர்வையையும், பால் சுண்டச் சுண்ட அது நிறம் மாறித் திரளும் பக்குவத்தையும் அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே, 2019-ஆம் ஆண்டில் அதற்குக் கிடைத்த புவிசார் குறியீட்டின் அருமை நன்கு விளங்கும்.

ஆடிப்பூரத் தேருக்கு, வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர்களெல்லாம் வந்து கூட, கடைக்காரரும் கலாசாலை ஆசிரியரும் நெசவாளியும் தோளுரச நின்று வடம் பிடிக்கிறார்கள். உற்சவம் முடிந்ததும் பஸ் நிலையத்தில் பெட்டிகளோடு கூட்டம் சேர்ந்துவிடுகிறது. படித்த பிள்ளைகளுக்கேற்ற உத்தியோகம் உள்ளூரில் சொற்பம்.