சிதையுமுன் ஒரு படம்

"சேர், படம் எடுக்கிற வெளிச்சமே சாமான எரிச்சிட்டா என்ன செய்ற?" வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. விஞ்ஞானிகளின் கவலையும் அதுதான். புரதத்தின் வடிவைக் காண எக்ஸ் கதிர் வேண்டும். அதே கதிர் புரதத்தைச் சிதைத்துவிடும்.

விடை, சுயாதீன இலத்திரன் லேசர். அணுவிலிருந்து விடுபட்ட இலத்திரன்களை ஒளிவேகத்தை நெருங்க ஓடவிட்டு, வடக்கும் தெற்குமாக மாறிமாறி அடுக்கிய காந்தங்களுக்கிடையே செலுத்துகிறார்கள். அவை பாம்பாக நெளியும்போது எக்ஸ் கதிர் பிறந்து லேசராகத் திரள்கிறது. ஒரு கீற்று நீடிப்பது, செக்கனைக் கோடி கோடியாகப் பிரித்த சில துணுக்குகளே. பொருள் சிதையுமுன் படம் விழுந்துவிடும்.

2009இல் கலிபோர்னியாவில் இயங்கத் தொடங்கிய இத்தகைய லேசரில், ஆபிரிக்கத் தூக்க நோய்க் கிருமியின் நொதியம் ஒன்றைப் பார்த்தார்கள். நுண்படிகம் ஒவ்வொன்றுக்கும் ஒரே கீற்று. ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்து வடிவம் கண்டார்கள். வடிவம் தெரிந்தால், நொதியத்தை முடக்கும் மருந்தைக் குருட்டாம்போக்கில் தேடத் தேவையில்லை.