ஆசிரியப் பயிற்சியும் சமூக நீதியும்



ஒரு வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. மற்றொருத்தி வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமே இல்லை. ஒரு சிறுமியின் வீட்டு மொழி தெலுங்கு. கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுவனுக்கோ தமிழ் எழுத்தே புதிது. இத்தனை பேருக்கும் முன்னால் நிற்பவர் ஓர் ஆசிரியர். அவர் எந்த வாழ்க்கையிலிருந்து வந்தவர், எவ்வாறு பயிற்சி பெற்றவர் என்னும் இரண்டு கேள்விகளும் சமூக நீதியைச் சேர்ந்தவையே.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நான் வாழும் கே.கே. நகருக்கு அண்மையில், சைதாப்பேட்டையில் உள்ள ஆசிரியர் கல்லூரி, 1856ஆம் ஆண்டில் தோன்றிய பயிற்சிப் பள்ளியின் வழிவந்தது. பயிற்சி நிலையம் ஏற்பட்டுவிட்டது. ஆனால் அதனுள் நுழையும் வாய்ப்பு எல்லாருக்கும் உடனே கிட்டிவிடவில்லை.

சகோதரி சுப்புலட்சுமியின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 1886இல் பிறந்த அவர், சிறுமியாய் இருக்கையிலேயே மணம் முடிக்கப்பெற்று, விரைவில் கணவனையும் இழந்தார். பெற்றோர் துணிந்து படிக்க வைத்தமையால் 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் வளர்ந்த பெண்களை ஆண் ஆசிரியரிடம் அனுப்பப் பலர் தயங்கினர். பெண் ஆசிரியரோ அரியர். மற்றொரு புறம், இளம் விதவையர் பிழைக்க வழியின்றி வீட்டு மூலையில் வாடினர். இவ்விரு குறைகளுக்கும் ஒரே மருந்தாக ஆசிரியப் பயிற்சியைக் கண்டார் அவர். 1912இல் விதவைச் சிறுமியருக்கு ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அது திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடைபெற்றது. அதன் அருகிலேயே 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தோன்றியது. அதன் முதல்வர் பொறுப்பை அவரே ஏற்றார். ஊரார் கண்ணிலே படக்கூடாதென ஒதுக்கப்பட்டவள், ஊர்ப் பிள்ளைகளுக்கே ஆசிரியையாகி நின்றாள்.

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. அவ்வில்லம் தொடக்கத்தில் பிராமணப் பெண்களுக்கே இடமளித்தது. ஒரு கதவு திறந்தபோதும் மற்றைக் கதவுகள் அடைபட்டே கிடந்தன. தனியொருவர் கருணையால் மட்டும் அவை எல்லாம் திறந்துவிடா, சட்டமும் வேண்டும். கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசின் ஆணை செல்லாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம், பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய வழி வகுத்தது. இன்று தமிழ்நாட்டில் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. மாற்றுத் திறனாளிகளுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகிறது. கல்வியியல் கல்லூரிகளுக்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் 2008இல் நம் மாநிலத்தில் அமைந்தது.

கதவு திறந்துவிட்டால் நீதி நிறைவெய்தி விடுமா? இதுவே இரண்டாம் கேள்வி. என் அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். நான் பயிற்சி மாணவனாய் இருந்தபோது, ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தினேன். நன்றாக நடத்திவிட்டதாகவே எண்ணினேன். பின்னால் அமர்ந்திருந்த பேராசிரியர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். வகுப்பின் இருக்கைகளை அதில் கட்டங்களாக வரைந்திருந்தார். நான் யாரிடம் கேள்வி கேட்டேனோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் எல்லாம் முதல் இரு வரிசைகளிலேயே குவிந்திருந்தன. கடைசி வரிசை முழுதும் வெறுமையாக இருந்தது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் தலை குனிந்தேன்.

நான் யாரையும் வெறுக்கவில்லை. எவரையும் ஒதுக்க நினைக்கவுமில்லை. விரைந்து விடை சொல்லும் பிள்ளைகளை என் கண் தானாகவே தேடிச் சென்றது, அவ்வளவுதான். அநீதி பல வேளைகளில் இவ்வாறு ஓசையின்றியே நிகழ்கிறது. பின் வரிசையில் இருந்தோர் அறிவற்றோர் அல்லர், பேசாதிருக்கப் பழக்கப்பட்டோர். எனவே பாடம் சொல்லும் திறத்தோடு, தன் கண் எங்கே போகவில்லை என்று தானே சோதித்துக்கொள்ளும் பழக்கத்தையும் பயிற்சிக் கல்லூரி கற்பித்தல் வேண்டும். அதன் பின் பல்லாண்டுகள் அந்தப் புள்ளித் தாளை நானே எனக்காக வரைந்து வந்தேன்.

பலதரப்பட்ட வாழ்க்கையினின்று வந்தவர்கள் ஒருங்கே பயிலும் கல்லூரியில் இந்தப் பாடம் எளிதில் கைகூடும். கடைசி வரிசையில் தாமே அமர்ந்திருந்த ஒருவர் உடன் பயின்றால், அவ்வரிசையின் மௌனத்திற்குப் பொருள் என்னவென்று மற்றவர்க்கும் எடுத்துரைப்பார் அன்றோ?

உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். அன்று வகுப்பில் முதற் கேள்வியைக் கேட்குமுன், ஒரு கணம் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே ஒரு குழந்தை உங்கள் கண்ணுக்காகக் காத்திருக்கும்.